ஆறாவது கோப்பையின் இடம்

கனடாவின் ரொறன்ரோ. பஸ் வர நேரம் கிடக்கிறது, வெளியே குளிர். அதனால்தான் இந்த மாடியறைக்குள் ஏறுகிறேன். பழைய அமெரிக்கக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒரு சின்ன மியூசியம். சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து அண்ணை. வாரநாட்களில் லொறி ஓடுகிறாராம். இன்று ஞாயிறு, துணியும் கையுமாக நிற்கிறார்.

கோப்பை வைக்கும் வெளிர்பச்சைச் சோசர்கள் ஆறு இருக்கின்றன. கோப்பைகள் ஐந்துதான்.

"மற்றது உடைஞ்சிட்டுதோ அண்ணை?"

"இல்லை, இன்னும் கிடைக்கேல்லை. அஞ்சாவது ஒஹாயோவிலை, லொறியை நிப்பாட்டின இடத்துப் பழைய சாமான் கடையிலை ஆம்பிட்டது. ஆறாவதும் எங்கையோ ஒரு வீட்டு அலுமாரியிலை இருக்கும்."

வெறும் சோசரைத் தூக்கி, கோப்பை இருக்கவேண்டிய குழியை விரலால் சுற்றித் துடைக்கிறார்.

"அது வரேக்கை தூசியாய் இருக்கக்கூடாது, பாருங்கோ."