கடவு என்று எழுதினேன்

கட்டடம் வரைகிற தொழிலில் முக்கால்வாசி கனவு. மீதி, அந்தக் கனவை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. வீடு கட்டி நொந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

மாறி நில்லு

திருவனந்தபுரத்தில், காயல் கரையில், ஓவிய அருங்காட்சியகம் கட்ட வேண்டும். இடம் பார்க்க விடியற்காலையில் போனேன். பனியில் தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியவில்லை. நடுவில் வெள்ளையாக ஒரு கூடம் மிதப்பது போல எனக்குத் தோன்றியது. அப்படியே நின்றுவிட்டேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு வள்ளம் வந்தது. தலையில் மீன் பாத்திரத்தோடு ஸ்டெல்லா சேச்சி இறங்கினார். அக்கரைக்காரர்கள் சாலை மார்க்கெட்டுக்குப் போக இந்தப் படித்துறைதான் வழி, ‘கடவு’ என்பார்கள். இதை அடைத்தால் ரெண்டு பஸ் மாற வேண்டும், மீனை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? சேச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். “மோளே, கினாவு கண்டது போதும். மாறி நில்லு, மீன் சீஞ்சு போவும்.”

எழுத்துப் பிழை

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ரோட்டிலிருந்து கடவு வரைக்கும் கட்டடத்தின் நடுவே ஒரு தெரு, இரண்டு பக்கமும் ஓவியங்கள், தெருவுக்கு டிக்கெட் கிடையாது. பென்சிலில் வரைந்து, தண்ணீர் ஓரம் ‘கடவு’ என்று தமிழில் எழுதி, வரைபடம் போடும் ஜெபராஜிடம் கொடுத்தேன். நாகர்கோவில்காரர், தமிழில் புலி. அவர் கம்ப்யூட்டரில் போட்டதை, என் புத்தியை என்ன சொல்ல, பார்க்காமலே அருங்காட்சியகக் கமிட்டிக்கு அனுப்பித் தொலைத்தேன்.

அவர் போட்ட படத்தில், தண்ணீர் ஓரம் இரண்டாள் உயரத் தேக்குக் கதவு, பூட்டோடு! கமிட்டித் தலைவருக்கு மொத்தப் படத்திலும் அந்தக் கதவு ஒன்றுதான் பிடித்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெபராஜுக்கோ பெருமை. “கதவுக்கு ‘ட’ போட்டிருந்தீங்க மேடம். எழுத்துப் பிழைன்னு நான்தான் திருத்துனேன்.”

மாதிரிக் கதவு

எவ்வளவு கெஞ்சியும் தலைவர் மசியவில்லை. ஒட்டுப்பலகையில் மாதிரிக் கதவு செய்து நிறுத்தச் சொன்னார். பார்க்க வள்ளத்தில்தான் வருவேன் என்று அவருக்கு ஓர் ஆசை. வந்தார். கதவு பூட்டியிருந்தது. சாவி ஜெபராஜிடம், ஜெபராஜ் ரோட்டுப் பக்கம் டீக்கடையில்.

ஈரப் படியில் தலைவர். அவர் முதுகை ஒட்டி, மேலே ஏற வழியில்லாமல், அதே வள்ளத்தில் வந்த சேச்சி. பாத்திரத்திலிருந்து மீன் தண்ணி சொட்டுச் சொட்டாகத் தலைவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெபராஜ் ஓடி வந்து சாவியைப் போட்டதும் வெளியிலிருந்து தலைவர் அலறினார். “தொறக்க வேண்டா, பொளிச்சுக் களை!” பிய்த்து எறி என்று.

காலை ஏழு மணி

இப்போது, கட்டி முடிந்த அந்தத் தெருவில், காலை வெயிலுக்குக் காயல் அலையின் வெளிச்சம் கூரையடியில் ஆடுகிறது. அதைப் பார்க்கவே சும்மா போய் நிற்கிறேன். சேச்சி தினமும் ஒரு கடல் ஓவியத்தின் முன்னால், பாத்திரத்தை இறக்காமல், ஒரு நிமிஷம் நிற்பார். ஓவியத்தை ரசிக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒருநாள், பிடிச்சிருக்கா என்று கேட்டே விட்டேன். “கடலு இந்த நெறமே இல்ல மோளே. என்னைக்காவது மாறுதான்னு பாக்கேன்.”

ஆக, இத்தனை படித்து, இத்தனை கனவு கண்டு, நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் ஒரு கதவு வைக்காமல் விட்டதுதான்.