மாதேஸ்வரி வீட்டுக்கு வந்த எஸ்பெராண்டோ விருந்தாளி

மாதேஸ்வரிக்கு நாற்பத்து மூன்று வயது. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒற்றை அறை. வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. உடம்பு எப்போது அலுப்பில்லாமல் இருந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இப்படிப்பட்டவளுக்கு எஸ்பெராண்டோ என்றொரு மொழி எதற்கு என்று அந்த லைனில் கேட்காத ஆள் இல்லை.

கொரோனாவில் கம்பெனி மூடிக் கிடந்தபோது போன் வழியாகத் தொற்றிக்கொண்டது அது. போலந்துப் பக்கத்தில் ஒரு கண் டாக்டர். அவர் பிறந்த ஊரில் நாலு மொழிக்காரர்கள் ஓயாமல் முட்டிக்கொண்டார்களாம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று, நூற்று முப்பது வருஷத்துக்கும் முன்னால், உட்கார்ந்து ஒரு மொழியையே செய்துவிட்டார் மனிதர். அவருக்கு முன்பே ஒரு பாதிரியார் வேறொரு மொழி செய்திருந்தார். கற்பது கஷ்டம், கொஞ்ச காலத்தில் ஓய்ந்துபோனது. டாக்டருடையதுதான் நின்றது.

"நாலு மொழிக்காரங்க முட்டிக்கற ஊரா? அது நம்ம ஓசூருதானே!" என்றாள் மாதேஸ்வரி, கம்பெனியில் கூட வேலை பார்க்கும் தமிழ்செல்வியிடம்.

அவளுக்கு வீட்டில் கன்னடம் கலந்த தமிழ், சந்தையில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் இந்தி, நோட்டீஸ் போர்டில் இங்கிலீஷ். எதைப் பேசினாலும் திருத்துவதற்கு ஒருத்தர் இருப்பார். மதுரைப் பக்கத்துப் பெண்கள் அவள் தமிழுக்கே சிரிப்பார்கள். எஸ்பெராண்டோவில் ஏறக்குறைய எல்லோருமே வெளியிலிருந்து வந்து கற்றவர்கள். அது அவளுக்குப் பிடித்துப்போனது.

ஆனால் பாருங்கள், நாலு வருஷமாக எழுதினாளே தவிர, ஒருவரிடமும் வாய் திறந்து பேசியதில்லை. போனில் கூப்பிடலாமா என்று கேட்டவர்களிடமெல்லாம் வேலை என்று சாக்குச் சொன்னாள். எழுதினால் தப்பை அழிக்கலாம். பேசியதை எப்படி அழிப்பது?

இந்த மொழிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கள் மொழி பேசி யார் வந்தாலும் வீட்டில் இடம் கொடுப்போம் என்று பட்டியலில் பேர் கொடுப்பார்கள். மாதேஸ்வரியும் அந்த ஒற்றை அறையைக் கொடுத்து வைத்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பெங்களூருக்குப் போகிறவன் ஓசூரில் எதற்கு இறங்கப் போகிறான்? அப்படியிருக்க ஹங்கேரியிலிருந்து இலோனா என்றொரு அம்மாள் எழுதினாள், அறுபது வயது, ஓய்வுபெற்ற டீச்சர். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், மாலை நாலு மணி பஸ்ஸில் சேலம் போகிறேன் என்று.

ஒரு மணி நேரமாவது வாயால் பேசிவிட வேண்டும். மாதேஸ்வரிக்கு வேறு ஆசையே இல்லை.

புதன்கிழமை அவளுக்கு மத்தியான ஷிப்ட், விருந்தாளியைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும். ஆர்டர் நெருக்கடியில் லீவு கிடையாது. கம்பெனியில் இதற்கு ஒரு வழி உண்டு: அடுத்தவள் ஷிப்டை நாம் பார்த்தால், நம் ஷிப்டை அவள் பார்ப்பாள். செவ்வாய்க்கிழமை தன் ஷிப்டை முடித்த கையோடு தமிழ்செல்வியின் ராத்திரி ஷிப்டையும் பார்த்தாள். பதினாறு மணி நேரம், நின்றபடியே. விடிந்து ஏழு மணிக்கு வீடு வந்தவள் கண்ணை மூடினாளா? அதுதான் இல்லை. வீட்டைக் கழுவினாள், கேப்பைக் களி கிண்டினாள், கீரை கடைந்தாள், பேச வேண்டியதை நோட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இலோனா வந்தாள். மாதேஸ்வரி வணக்கம் சொன்னாள். வந்தவளும் பதில் வணக்கம் சொன்னாள். பயணப் புழுதி போக முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று அவள் பின்பக்கம் போனாள். அந்த ரெண்டு நிமிஷம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள் மாதேஸ்வரி.

கண் விழித்தபோது மணி நாலரை. அறையில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு நஞ்சம்மா வாசலில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அய்யோ நஞ்சக்கா, என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"

"நான் எழுப்பத்தான் வந்தேன். அந்தம்மாதான் வாயில வெரல வெச்சு வேணாம்னுடுச்சு. கரண்ட் வேற போயிடுச்சா, உக்காந்து உனக்கு விசிறிக்கிட்டே இருந்துச்சு. பாவம், அதுக்கும் பசிக்குமில்ல, நான்தான் நீ செஞ்ச களியும் கீரையும் வெச்சு ஊட்டா போட்டேன். களியைப் போட்டு மென்னுக்கிட்டு இருக்குது! மெல்லக் கூடாது, முழுங்கணும்னு காட்டிக் குடுத்தேன். ஒரே சிரிப்பு. ரெண்டு பொண்ணுங்களாம், வீட்டுக்காரர் இல்லையாம், முட்டி வலியாம். நேரம் போனதே தெரியல."

"எந்த பாஷையில பேசுனீங்க?"

"பாஷையா? அதுக்குக் கன்னடம் வராது, எனக்கு அது பேசுறது வராது. எப்படியோ பேசுனோம்."

மாதேஸ்வரிக்கு அழுகை முட்டியது. நாலு வருஷம் படித்தவள் தூங்கினாள். ஒரு எழுத்து தெரியாதவள் மத்தியானம் முழுக்கப் பேசித் தீர்த்திருக்கிறாள்.

போனில் செய்தி வந்திருந்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவே இலோனாவின் குரல்: நன்றாகத் தூங்கினாயா, உன் களி வயிற்றில் அப்படியே இருக்கிறது. மாதேஸ்வரி பதில் எழுதத் தொடங்கி, நிறுத்தினாள். குரல் பதியும் பொத்தானை அழுத்திப் பேசினாள். தடுக்கியது, ரெண்டு இடத்தில் தப்பு வந்தது, நடுவில் கொட்டாவியும் வந்தது. அழிக்காமல் அனுப்பிவிட்டாள்.

நஞ்சம்மா கையில் சாம்பலோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ நல்லா பேசறியே, அந்தம்மா இருந்தப்பவே பேசியிருக்கலாமில்ல?"