மூன்றாம் இயந்திரத்தின் சுருதி

பேருந்து நிலையத்தின் பின்புறத் தெருவில், கைப்பேசி பழுது பார்க்கும் கடைக்கும் பல் மருத்துவரின் சிகிச்சை அறைக்கும் நடுவில் இருந்தது அந்தச் சலவைக் கடை. உடைமையாளரை ஊரில் எல்லோரும் நுரைக்காரர் என்றே அழைத்தார்கள். காசைப் போட்டு, துணியைத் திணித்துவிட்டு, யாரும் தம் வேலையைப் பார்க்கப் போகலாம். துவைத்து முடிந்ததும் இயந்திரமே அவர்களுடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிடும். ஆயினும் வந்தவர்களில் பாதிப் பேர் போகாமல் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். துணி மடிக்கும் மேசைக்குப் பின்னால் அமர்ந்து நுரைக்காரர் துருத்தியை விரித்து மூடி அக்கார்டியன் வாசிப்பதே அதற்குக் காரணம். வாசிப்பு நன்றாக அமைந்த நாளில் கூட்டம் இருக்கும். அமையாத நாளில், வேடிக்கை பார்க்க, இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

அவருடைய குழுவில் அவரைத் தவிர இருவர். மனைவியின் தம்பி நகரப் பேருந்து ஓட்டுநர், கிதார் வாசிப்பார். மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் பாடுவார். மைதானத்தின் மறுகோடியில் சண்டையிடும் குழந்தைகளைக் குரலாலேயே பிரித்துப் பழகியவராதலால், அவருக்கு ஒலிவாங்கி வைப்பது வெறும் மரியாதைக்குத்தான். மூவரும் கடையடைத்த பிறகு, மாலையில், இயந்திரங்களுக்கு நடுவே நின்று ஒத்திகை பார்ப்பார்கள். பகலெல்லாம் பல் துளைக்கும் ஓசையைச் சகித்த தெரு ஆகையால், அவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

தொடக்க நாள்களில் ஒத்திகை என்பது பெரும்பாலும் சச்சரவாகவே இருந்தது. அக்கார்டியனின் சுருதி தாழ்ந்திருக்கிறது என்பார் மைத்துனர். கிதாரின் சுருதி ஏறியிருக்கிறது என்பார் நுரைக்காரர். ஆசிரியை இருவருக்கும் பொதுவாக ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்; அது மூன்றாவது கட்சியாகிவிடும். ஒரு நாள் வாக்குவாதம் முற்றி, மைத்துனர் கிதாரை உறையில் போடும் நிலைக்கு வந்தபோது, மூன்றாம் எண் இயந்திரம் துவைத்து முடித்து, வழக்கமான சிறு மெட்டைப் பாடியது. மூவரும் அதன் பக்கம் திரும்பினார்கள்.

கணக்கு மேசையில் ஒற்றைக் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே சொன்னார்: "அது உங்க ரெண்டு பேருக்கும் சொந்தமில்ல. அது சொல்றதைக் கேளுங்க."

அன்றிலிருந்து அதுவே சட்டமாயிற்று. அது மின்னணுப் பொருள்; வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காது. ஆகவே அது பாடும் முதல் சுரமே தங்கள் ஆதார சுரம் என்று முடிவு செய்தார்கள். கிதாரின் திருகாணிகளைச் சற்று முறுக்கியதோடு மைத்துனரின் வேலை முடிந்தது. நுரைக்காரரின் வேலை அவ்வளவு எளிதாக இல்லை. அக்கார்டியனுக்குள்ளே வரிசை வரிசையாக எஃகு நாக்குகள் இருக்கும். காற்றில் அவை அதிர்வதால்தான் ஒலி எழும். நாக்கின் நுனியை அராவினால் சுரம் உயரும். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் பூதக்கண்ணாடியும் மெல்லிய அரமுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நாக்காக அராவினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மூன்றாம் இயந்திரம் பாட வேண்டும். அது பாட வேண்டுமானால் எதையேனும் துவைத்தாக வேண்டும். வீட்டுத் திரைச்சீலைகள் போயின, தலையணை உறைகள் போயின, கால்மிதியடிகள் போயின. மழை ஓய்ந்தபோது அக்கார்டியன் இயந்திரத்தோடு இம்மியும் பிசகாமல் ஒத்துப்போயிற்று. வீட்டில் எந்தத் திரையிலும் அச்சுப் பூ மிஞ்சவில்லை.

இயந்திரமும் தவறான சுருதியில் பாடக்கூடும் என்பது அம்மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வாய்ப்பும் இல்லை. கார் விற்பனைக் கூடத் திறப்பு, பூங்கா, மருத்துவமனை வளாகம் என்று எங்கே வாசித்தாலும் அவர்கள் மூவர் மட்டுமே வாசித்தார்கள். தங்களுக்குள் அவர்கள் ஒற்றுமையாகவே இருந்தார்கள்.

நுரைக்காரருக்கு ஒரே மகள். ஏழு வயதிலிருந்து முறையாகப் பியானோ கற்றவள். பெருநகரம் ஒன்றில், உயர்ந்த கட்டடங்களின் மின்தூக்கிகள் எந்தத் தளத்தில் எப்போது நிற்க வேண்டும் என்பதற்குக் கணினி நிரல் எழுதும் வேலையில் இருந்தாள். சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கலாமா என்று அவர் கேட்கும்போதெல்லாம், அப்புறம் பார்க்கலாம் என்பாள். அவரும் வற்புறுத்த மாட்டார். ஆறு மாதம் கழித்து, புதிதாகத் தோன்றியதுபோல மறுபடி கேட்பார். இப்போதோ அவளுக்கு வெளிநாட்டில் வேலை மாற்றம் வந்திருந்தது. அடுத்த வாரம் புறப்பட்டுவிடுவாள். போனால் சில ஆண்டுகள் ஆகும். அந்தச் சனிக்கிழமை நகர மண்டபத்தில் உள்ளூர் இசைக்குழுக்களின் நிகழ்ச்சி இருப்பதைத் தொலைபேசியில் பேச்சோடு பேச்சாக அவர் சொல்லியிருந்தார். மறுநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது: "நானும் உங்ககூட வாசிக்கட்டுமா? அங்க பியானோ இருக்குல்ல?"

அதை அவர் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். பல் மருத்துவருக்கு வாசித்துக் காட்டினார். கம்பளி துவைக்க வந்த முன்பின் அறியாத ஒருவருக்கும் வாசித்துக் காட்டினார். அந்த மனிதர் என்னவென்று புரியாமலே கைகுலுக்கி வாழ்த்திவிட்டுப் போனார். மகளோடு ஒரே மேடையில் ஒரு பாட்டு. நுரைக்காரருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை ரயில் தாமதம். மகள் வீட்டுக்குக்கூடப் போகாமல், சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வந்தாள். நிகழ்ச்சி தொடங்க ஒரு மணி நேரமே இருந்தது. தந்தையும் மகளும் பெட்டியின் குறுக்கே அவசரமாகக் கட்டிக்கொண்டார்கள். அவள் பியானோ முன் அமர்ந்தாள். நால்வரும் பாட்டைத் தொடங்கினார்கள்.

ஒரே வீட்டில் இரண்டு கடிகாரங்கள் சண்டை பிடித்துக்கொண்டு மணியடித்ததுபோல இருந்தது. மண்டபத்தின் ஒலியமைப்பாளர் ஓர் இளைஞர். பலகைக் கணினியைக் கையில் ஏந்தி, அதிலேயே ஒலியைக் கூட்டிக் குறைத்தபடி அரங்கைச் சுற்றிவருபவர். அவர் பழியைத் தம் தலையிலேயே போட்டுக்கொண்டார். ஒரு கம்பியை மாற்றினார். மறுபடி வாசித்தார்கள், அதேதான். ஒலிவாங்கியை மாற்றினார், அதேதான். எல்லாவற்றையும் அணைத்து மறுபடி இயக்கினார். இப்போது அதே கோரம் இன்னும் துல்லியமாகக் கேட்டது.

மைத்துனர் பியானோவைச் சந்தேகத்தோடு பார்த்தார். "பழைய சாமான், பாப்பா. ஈரத்துல சுருதி இறங்கிப் போயிருக்கும்."

மகள் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினாள். முள் நடுவில் நின்றது. அக்கார்டியனை வாசிக்கச் சொன்னாள். முள் நடுவைத் தாண்டி எங்கோ போய் நின்றது.

"போன்ல சார்ஜ் இல்லையோ என்னவோ," என்றார் நுரைக்காரர்.

"எதை வச்சுப்பா சுருதி சேர்க்கிறீங்க?"

"மூணாம் நம்பரை வச்சுத்தான்."

"எந்த மூணாம் நம்பர்?"

மைத்துனர் மேற்கூரையை ஆராயத் தொடங்கினார். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது என்று தினமும் குழந்தைகளுக்குப் போதிக்கும் ஆசிரியைதான் வாயைத் திறந்தார். "வாஷிங் மெஷின், கண்ணு. துவைச்சு முடிச்சதும் ஒண்ணு பாடும் பாரு. அதுதான்."

மகள் ஒரு கணம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருக்கையிலிருந்து நழுவி மேடைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அராவிய நாக்குகளைப் பற்றியும் பூவிழந்த திரைகளைப் பற்றியும் மைத்துனர் விளக்கப் போக, அவள் மூச்சு விட முடியாமல் பியானோவின் காலைப் பிடித்துக்கொண்டாள். தம் கம்பிகள் நிரபராதிகள் என்று தெரிந்த ஒலியமைப்பாளரும் நிம்மதியோடு சேர்ந்து சிரித்தார். நுரைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கிதாரைத் தளர்த்திவிடலாம், ஆசிரியை எந்தச் சுருதிக்கும் போய்ச் சேர்ந்துவிடுவார், ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க அராவிய எஃகை ஒரு மணி நேரத்தில் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பது அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அவர் துருத்தியை மூடி வாரைப் போட்டார். "நீ வாசி, பாப்பா. நான் முன்வரிசையில உக்காந்து கேக்கிறேன்."

அவள் சிரிப்பு நின்றது. "தனியா வாசிக்க நான் ஏன்பா ரயிலேறி வரணும்?"

அப்படியானால் பியானோ வேண்டாம், தான் உட்கார்ந்து கேட்பதாக அவள் சொன்னாள். அது கூடாது என்றார் அவர். நீங்கள் என்று அவளும், நீ என்று அவருமாக விட்டுக்கொடுப்பதிலேயே பெரிய சண்டை மூண்டது. அப்போதுதான் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்த மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் கேட்டார்.

"ஏங்க, வீட்டுலயும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான் பேசுவீங்க. ஒருத்தர் வாசிக்கட்டும். ஒருத்தர் சும்மா இருக்கட்டும். அப்புறம் மாத்திக்கோங்க."

"சும்மா இருந்தா அது சேர்ந்து வாசிச்சதா?" என்ற நுரைக்காரர், ஆற்றாமையில் அக்கார்டியனின் காற்றுப் பொத்தானை அழுத்தித் துருத்தியை இழுத்து மூடினார். சுரம் எதுவும் எழவில்லை; உள்ளிருந்த காற்று மட்டும் 'உஸ்ஸ்' என்று நீளமாக வெளியேறியது.

மகள் நிமிர்ந்தாள். "அப்பா, அதை இன்னொரு தடவை பண்ணுங்க."

செய்தார். அவள் பியானோவின் மரப்பலகையில் விரல்முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். அவர் மறுபடி காற்றை விட்டார், இம்முறை தாளத்தில். காற்றுக்குச் சுருதி கிடையாது, மரத்துக்கும் கிடையாது. அவள் பியானோ வாசிக்கும்போது அவர் அக்கார்டியனை மூச்சுவிட வைப்பார்; அவர் வாசிக்கும்போது அவள் பியானோவைத் தட்டுவாள். ஒருவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒலியமைப்பாளர் அழைக்காமலே ஓடிவந்து துருத்தியின் வாயருகே ஓர் ஒலிவாங்கியைக் கட்டினார். மைத்துனர் வேறு குழுவினரிடம் இன்னொரு கிதாரை இரவல் வாங்கி, ஒரு சுருதியை மார்பிலும் மறு சுருதியை முதுகிலும் மாட்டிக்கொண்டார்.

"இப்போ நான் எந்தக் கட்சி அத்தான்?"

"நேரத்துக்குத் திரும்பினா போதும்டா."

மண்டபம் நிறைந்திருந்தது. முதல் சரணத்தில் பியானோ பாட, அக்கார்டியன் மூச்சுவிட்டது. ஒலியமைப்பாளர் ஆர்வ மிகுதியில் அந்த மூச்சைச் சற்று அதிகமாகவே கூட்டிவிட்டதால், கட்டடமே பெருமூச்சு விடுவதுபோல இருந்தது. இரண்டாம் சரணத்தில் அக்கார்டியன் ஒலிக்கத் தொடங்கியதும், இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்ட மின்தூக்கியைப்போல, பாட்டு இருந்த இடத்திலிருந்து ஒரு துளி மேலே ஏறிக்கொண்டது. ஆசிரியை அசராமல் கூடவே ஏறினார். சபையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி பியானோவுக்கு வந்து பாட்டு இறங்கியபோது இது திட்டமிட்ட வேடிக்கை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்தடுத்து ஏறும்போது தோள்களை உயர்த்தியும், இறங்கும்போது நாற்காலியில் சரிந்தும் கூடவே போனார்கள். மைத்துனர் ஒவ்வொரு திருப்பத்திலும் கிதார்களை முன்னும் பின்னுமாகச் சுழற்றினார். ஒருமுறை தவறான கிதார் முன்னால் வந்துவிட, பாதிச் சுற்றை முழுச் சுற்றாக்கி, அதுவும் நடனமே என்று காட்டிக்கொண்டார். அவர் பேருந்தில் தினமும் போகும் பயணிகள் விசிலடித்தார்கள்.

நுரைக்காரர் எதையும் பார்க்கவில்லை. மகளுடைய முழங்கை எப்போது உயர்கிறது, எப்போது தாழ்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பலகையைத் தட்டும்போது அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவருக்கு வியர்த்து ஊற்றியது. இவ்வளவு காற்று தம் பெட்டிக்குள் இருந்ததை அவர் அதுவரை அறிந்ததில்லை.

பாட்டு முடிந்தும் கைதட்டல் முடியவில்லை. அறிவிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஒரே ஒரு சரணத்துக்கு இசைந்தார். முதலில் அவளுடைய முறையாகையால் நுரைக்காரர் காற்றுப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தார். அவள் தொடங்கவில்லை. இருக்கையை அவர் பக்கம் நகர்த்திப் போட்டு, மெல்லக் கேட்டாள்:

"அப்பா, இதை ரெண்டு பேரும் ஒண்ணாவே வாசிப்போமா?"

"கேக்கச் சகிக்காதேம்மா."

"தெரியும்பா."

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். இருவரும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். ஆசிரியை ஓர் அடி பின்வாங்கினார். மைத்துனர் இரண்டு கிதார்களையும் கழற்றி வைத்துவிட்டுக் கையால் தாளம் போட்டார். அதை இசை என்று ஒலியமைப்பாளர் ஒப்பவில்லை. ஆயினும் பலகைக் கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் தாளம் போட்டார். சபையில் பல்லைக் கடித்தவர்களும் இருந்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தவர்களும் இருந்தார்கள். எழுந்து போனவர் ஒருவரும் இல்லை. முன்வரிசையில் மனைவி இரு காதுகளையும் பொத்தியபடி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, தலையை ஆட்டினார். சரணம் முடியும் இடம் வந்தது. தந்தை மகளைப் பார்த்தார். மகள் தந்தையைப் பார்த்தாள். முதலில் நிறுத்த இருவருக்கும் மனம் வரவில்லை. பாட்டு இன்னொரு சுற்றுப் போயிற்று.