இரண்டு டிஸ்க் டப்பா

எங்கள் டிராயிங் செக்‌ஷனில் வேலை செய்யும் அண்ணனுடைய மனைவியின் குரலை அழித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எனக்கு நானே ஏதாவது சப்பைக்கட்டு கட்டிக்கொள்வேன்.

பெங்களூர் பீன்யாவில், தகரத்தை வளைத்து அடிக்கிற அச்சுகள் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. முப்பது பேர்கூட இருக்க மாட்டோம். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில். முன்பெல்லாம் ஒரே டிராயிங் நாலு பேரிடம் நாலு விதமாக இருக்கும். பழையதைப் பார்த்து இரும்பை வெட்டிவிட்டு, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்போம். பெரிய சர்வர் வாங்க ஓனருக்கு மனசு வராது. அதனால் நானே தேடிப்பிடித்து, விலை குறைந்த ஸ்டோரேஜ் டப்பா ஒன்றை வாங்க வைத்தேன். டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரியது. ஆபீஸ் நெட்வொர்க்கில் சொருகிவிட்டால் எல்லாருடைய ஃபைலும் ஒரே இடத்தில் இருக்கும், எல்லாரும் திறந்துகொள்ளலாம்.

உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதை அதுவே இன்னொன்றிலும் எழுதிக்கொள்ளும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரையும் நிற்க வைத்து, "ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். போன், பென் டிரைவ் எதையும் நம்பாதீங்க, எல்லாத்தையும் இதுல போடுங்க" என்று அளந்து விட்டேன். வெளியே தனியாக ஒரு காப்பி வைக்கலாமா என்று ஓனர் கேட்டார். உள்ளேயே இரண்டு இருக்கும்போது எதற்கு என்று மறுத்ததும் நான்தான். ஒன்றில் அழித்தால் அந்த நொடியே மற்றதிலும் அழியும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அழிக்கிற கை என்னுடையதாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

சட்டமும் போட்டேன். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அந்த ஆர்டரின் ஜாப் நம்பர்தான் பெயர், சொந்த ஃபைல் வைக்கக்கூடாது. பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். எனக்கு அடுக்கி வைக்கிற பைத்தியம் உண்டு. தட்டுமுட்டுச் சாமான் எங்கே கிடந்தாலும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அண்ணன் கோலார் தங்கவயல்காரர். தினமும் ரயிலில் வந்து, மெட்ரோ பிடித்து வேலைக்கு வருவார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். அவர் ரயிலில் இருக்கும்போது அந்த அம்மா போனில் பேசிப் பதிந்து அனுப்புவார்களாம். எங்கே வருகிறாய், தக்காளி வாங்கி வா, மழை வருகிறது, இந்த மாதிரி. போன வருஷம் நான்கு நாள் காய்ச்சலில் அந்த அம்மா இறந்துபோனார். அண்ணன் அந்தப் பதிவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் டப்பாவுக்கு மாற்றியிருக்கிறார், போனை நம்பாதே என்று நான் சொன்னேனே, அதற்காக. சுவரில் இருந்த என் சட்டத்துக்குப் பயந்து, ஃபோல்டருக்கு ஒரு ஜாப் நம்பரையும் தானே போட்டுக்கொண்டார். பத்திரமாகத்தான் இருக்கிறது என்று தன் பழைய போனையும் அந்த அம்மாவுடையதையும் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிவிட்டார். மதியம் சாப்பிட்டதும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டு கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை டப்பா நிரம்பிவிட்டது. நடந்துகொண்டிருக்கும் ஜாப் லிஸ்டை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் இல்லாத நம்பர்களையெல்லாம் அழித்தேன். ஒரு நம்பர் மட்டும் பழைய ரிஜிஸ்டரில்கூட இல்லை. திறந்து பார்த்திருக்கலாம். யாரோ இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்ற எரிச்சலில் திறக்கவில்லை. இடம் வேண்டுமே என்று, அழித்தவை போய் விழும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கஸ்டமர் அனுப்பிய பெரிய பெரிய ஃபைல்களை அந்த இடத்தில் ஏற்றிவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை மதியம் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். "சிஸ்டர், ஒரு ஃபோல்டர் காணோம். எங்கயாச்சும் மாத்தி வச்சிங்களா?"

நம்பரைச் சொன்னார். "அது நம்ம ஜாபே இல்லையே அண்ணா, யாரோ சும்மா போட்டது" என்றேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அதில் என்ன இருந்தது என்று மெதுவாகச் சொன்னார்.

டப்பாவை உடனே நிறுத்தி, அழிந்ததை மீட்டுத் தருகிறவர்களிடம் டிஸ்க்குகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்தார்கள். யாருக்கும் தேவைப்படாத பழைய டிராயிங்குகள் நூற்றுக்கணக்கில் திரும்பி வந்தன. அந்த அம்மாவின் பதிவு ஒன்றுகூட வரவில்லை. அவை இருந்த இடத்தின் மேலேயே புது ஃபைல்கள் எழுதப்பட்டுவிட்டன என்றார்கள். அவற்றை ஏற்றியதும் நான்தானே.

அண்ணனிடம் சொன்னபோது அழுதது நான்தான். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆயுதபூஜைக்கு ஒருவாட்டி இங்க வந்தாளே சிஸ்டர், உங்க பக்கத்துலதான உக்காந்திருந்தா? எப்படிப் பேசுனா, கொஞ்சம் சொல்லுங்களேன்."

நான் யோசித்தேன். பச்சைப் புடவை ஞாபகம் வந்தது. கேசரித் தட்டை எனக்கு நகர்த்தியது ஞாபகம் வந்தது. பேசியது ஒரு சொல்கூட வரவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ரொம்ப மெதுவா, சாந்தமா பேசுனாங்க அண்ணா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "இல்ல சிஸ்டர். அவ சத்தமாத்தான் பேசுவா. நாலு வீடு தள்ளிக் கேக்கும்."

சொல்லிவிட்டு, சரிதானே என்று கேட்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்.