நான்காவது காருக்குப் போட்ட ஆறு கையெழுத்து

என் கையெழுத்தைப் பார்த்தவர்கள் நான் மூன்றாம் வகுப்போடு நின்று, படித்த எழுத்தையும் மறந்தவன் என்று நம்ப மாட்டார்கள். முதல் தோப்பு வாங்கிய அன்று பாலக்காட்டுச் சித்தூர் பதிவு அலுவலகத்தில் என் கட்டை விரலைப் பிடித்து மையில் அமுக்கினார்கள். பின்னால் நின்ற தரகன் சிரித்தான். அன்றைக்கே ஒரு வாத்தியாரிடம் என் பெயரை இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொண்டு, சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் ஒரு மாதம் பழகினேன். எழுத்து தெரியாது. எங்கே சுழிக்க வேண்டும், எங்கே இழுத்து விட வேண்டும் என்பது மட்டும் கைக்குத் தெரியும். ஒரு பேங்க் மேனேஜர், "டாக்டர் போடற கையெழுத்து மாதிரி இருக்குதே" என்றே கேட்டிருக்கிறார்.

லாரியில் கிளீனராக ஏறியவன் நான். இன்றைக்குச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு, இடுக்கி மலையில் சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம். யாரும் தூக்கி விடவில்லை. தோப்பிலிருந்து தோட்டத்துக்குப் போக பொள்ளாச்சி, பழனி, தேனி என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றிப்போய்ப் போடிமெட்டு மலை ஏற வேண்டும். அந்தப் பாதையை இருபத்திரண்டு வருஷம் மூன்று கார்களில் ஓட்டினேன். மூன்றும் ஒரே கம்பெனி. ஒரு நாளும் வழியில் விட்டதில்லை. அந்தக் கம்பெனிக்குச் சம்பளம் வாங்காத ஏஜெண்ட் என்று கல்யாண வீடுகளில் என்னைக் கேலி செய்வார்கள். என் பேச்சைக் கேட்டு ஏழெட்டுப் பேர் அதே கம்பெனி காரை வாங்கியும் இருக்கிறார்கள்.

நான்காவது காரையும் அங்கேதான் வாங்கினேன். முன்னால் டி.வி. மாதிரி திரை, சாவி திருகாமலே கிளம்பும். மூன்றாவது மாதம், பழனி தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது தானாக நின்றது. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அப்புறம் எல்லாம் அணைந்தது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் பொறுத்து பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது.

பாலக்காட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். ஏ.சி. அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய மலையாளி ஒருவர் வந்து, "சாரே, கம்ப்யூட்டர்ல கொடுத்து நோக்கியாச்சு. வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல" என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். அவர் விரல் வைத்த இடத்தில் போட்டேன்.

"அழகான கையெழுத்து சாரே" என்றார். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

கிளம்பும்போது கூடவே வந்தார். "கம்பெனியிலருந்து போன் வரும். பத்துக்குப் பத்து மார்க் சொல்லணும் சாரே. ஒம்பது சொன்னா என் தலைமேல ஏறுவாங்க."

"பத்தென்னப்பா, பதினொண்ணு சொல்றேன் போ" என்றேன். கேட்டவனுக்கு இல்லை என்று நான் சொன்னதில்லை. மறுநாள் போன் வந்தது, பத்து கொடுத்தேன்.

என் வீட்டுக்காரிக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு. "வண்டி நின்னு போச்சுன்னு சண்டைக்குப் போனவரு பத்து மார்க்குப் போட்டுட்டு வந்துருக்கறாரு" என்று எங்கள் மகளிடம் போனில் சொன்னாள்.

என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்லங்கோட்டில் பத்தாவது வரை படித்தவள். மலையாளம் தண்ணீர் மாதிரி வாசிப்பாள், இங்கிலீஷ் விரல் வைத்து மெதுவாக வாசிப்பாள். கரண்ட் பில், உரக்கடைச் சீட்டு, பஞ்சாயத்து நோட்டீஸ் எல்லாம் அவள்தான் பார்ப்பாள். வீட்டுக்குள் அது சரி. வெளியிடத்தில், நாலு பேர் எதிரில், என் காகிதத்தை அவள் வாங்கிப் படிப்பதை நான் ஒரு நாளும் விட்டதில்லை.

வண்டி இப்படியே நின்று நின்று, ஒரே வருஷத்தில் ஆறு தடவை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஆறு தடவையும் டீ, காகிதம், கையெழுத்து, பத்து மார்க். ஆறாவது தடவை வண்டி உடுமலைப்பேட்டையில் லாரிக்கு முன்னால் நின்றிருந்தது. அவள் பயந்து போயிருந்தாள். அந்த அட்டை மாட்டியவர் காகிதத்தை நீட்டியதும் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள்.

"ஏனுங்க, இத நான் ஒருக்கா பாத்துட்டுத் தாரனுங்க. இல்லாட்டிப் போட்டோ எடுத்துப் புள்ளைக்கு அனுப்பலாமுங்க."

பக்கத்து சோபாவில் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் எனக்குத் தெரிந்த அரிசி மில்காரர்.

"எனக்குத் தெரியாததையா நீ பாக்கப் போறே? சும்மா இரு புள்ள."

அவள் கண்ணாடியை மடக்கி உள்ளே வைத்தாள். நான் போட்டேன். அன்றைக்குச் சுழி நன்றாக விழுந்தது, இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் ஏலக்காய் எடுப்பு. தோட்டத்தில் பெண்களை வைத்து வேலை வாங்குவது அவள் பொறுப்பு. பத்து நாள் இருந்துவிட்டு இறங்கினோம். மதிய நேரம், போடிமெட்டு இறக்கத்தில் லேசான மூட்டம். மூன்றாவது வளைவு தாண்டியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. "நிக்கப் போகுதுங்க" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அணைந்தது. பிரேக்கை ஒரு தடவை மிதித்தேன், பிடித்தது. இரண்டாவது தடவை மிதித்தபோது கல்லை மிதிப்பது போல இருந்தது. ஹேண்ட் பிரேக் என்று இந்த வண்டியில் இருந்தது வெறும் பட்டன். வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் பாறை. ஐம்பது வருஷ அனுபவம் உள்ளவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை ஒடித்து மலைப்பக்கம் மோதினேன்.

அவள் மலைப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவளுக்கு இடது இடுப்பும் முட்டியும் போயிற்று. தேனியில் கட்டுப் போட்டு, கோயம்புத்தூரில் பிளேட் வைத்தார்கள். ஏழு வாரம் ஆஸ்பத்திரி. இப்போது நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். தோட்டத்துச் சரிவில் அவளால் இனி கால் வைக்க முடியாது.

பார்க்க வந்தவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேசினார்கள். என் பங்காளி ஒருத்தன் மெதுவாகப் பேசத் தெரியாதவன். "இந்த வயசுல மலையில ஓட்டோணும்னு என்ன வேண்டுதலோ? பிரேக்குன்னு நெனச்சு வேற எதையோ மிதிச்சிருப்பான். கேட்டா வண்டி மேல பழி போடறான்." அவன் ஓட்டுவதும் அதே கம்பெனி கார், நான் சொல்லி வாங்கியது.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் காலை உடைத்தது வண்டியா, நானா? அது தெரிய வேண்டும், நாலு பேருக்குத் தெரிய வேண்டும். மகள் சித்தூர் காலேஜில் பாடம் எடுக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் மேனேஜர் மேசையில் தட்டினேன். "நான் ஆறு தடவை சொன்னேன், நீங்க கேக்கலை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு ஃபைலைத் திறந்து ஆறு காகிதத்தையும் வரிசையாகப் பரப்பினார். ஆறிலும் என் கையெழுத்து. மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். குறை எதுவும் இல்லை, வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி. ஐந்து காகிதம் அப்படியே. ஆறாவதில் நின்றுவிட்டாள்.

"இது நீங்க போட்டதுதானுங்களாப்பா?"

"என்னுதுதான். என்ன போட்டிருக்குது, படி."

அவள் தமிழில் சொன்னாள். என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பாகத்தில் குறை இருக்கிறது, மாற்றுப் பாகத்துக்கு எழுதியிருக்கிறோம், அது வரும் வரை மலைப்பாதையில் ஓட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் விளக்கிச் சொல்லப்பட்டது, அவர் ஒப்புக்கொண்டார்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்த அட்டை மாட்டியவரைக் கூப்பிடச் சொன்னேன். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். கேஸ் போடலாமா என்று ஒரு வக்கீலிடம் போனேன். அவர் அந்த ஆறாவது காகிதத்தைப் பார்த்தார், கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் கேட்டுப் போனது கிடைத்துவிட்டது. தப்பு வண்டியுடையது, என் காலுடையது இல்லை. பங்காளி முகத்தில் வீசலாம். ஆனால் அந்தக் காகிதத்தை எடுத்து யாரிடம் காட்டுவது?

மகள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் தோப்பிலிருந்து வந்தபோது அவள் கட்டிலில் சாய்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அன்னிக்குக் கண்ணாடி கையிலதான் இருந்துதுங்க" என்றாள்.

மோதிய வண்டியைச் சரி செய்தபோது அந்தப் பாகத்தையும் என் கண் முன்னால் மாற்ற வைத்தேன். கழற்றியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. பிறகு வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனி கார் வாங்கப் போனேன். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஷோரூம் படியில் ஸ்டாண்டோடு ஏற கால் மணி நேரம் ஆயிற்று.

காகிதங்களை வைத்தார்கள். நான் அவள் பக்கம் நகர்த்தினேன். "பாரு புள்ள."

அவள் கைப்பையைத் திறக்கவில்லை. காகிதத்தை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள். "உங்களுக்குத் தெரியாததாங்க" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை. சலித்துப்போன குரல்.

பேனாவைக் கீழே வைத்தேன். எதிரில் இருந்தவரிடம், "எனக்குப் படிக்க வராதுங்க, படிச்சுச் சொல்லுங்க" என்றேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் அதைச் சொன்னேன். அவர் படித்தார். சந்தேகம் வந்த இடத்தில் மறுபடியும் படிக்க வைத்தேன். அவள் ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது வண்டி நல்ல வண்டிதான், இதுவரை ஒரு நாளும் நின்றதில்லை. அவள் பின் சீட்டில், எனக்கு நேர் பின்னால் உட்காருகிறாள், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரியாத இடத்தில். போடி வரை வருவாள். அங்கே அவள் தங்கச்சி வீட்டில் இறங்கிக்கொள்வாள். மலைக்கு நான் தனியாக ஏறுகிறேன்.

சர்வீஸுக்கு விட்டால் இப்போதெல்லாம் காகிதத்தை வரி விடாமல் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும்.