அக்கரைக்குக் காட்டிய சட்டை

நேற்று பஸ் மண்முனைப் பாலத்தில் ஏறியபோது, பக்கத்துப் பெண்ணின் மடியிலிருந்த தயிர்ச் சட்டியின் புகைமணம், பாலம் வருமுன் அங்கிருந்த துறைக்கு என்னைக் கூட்டிச் சென்றது. அன்று வாவியைக் கடக்கப் ‘பாதை’ என்ற மிதவைதான். அதன் டீசல் வாசமும் நனைந்த பலகையும் அக்கரைச் செய்திகளைக் கொண்டுவரும் தயிர்க்காரிகளின் சத்தமுமாகத் துறை எப்போதும் நிறைந்திருக்கும். கொக்கட்டிச்சோலையில் பெரியக்காவுக்கு மகள் பிறந்ததும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. சுனாமிக்குப் பிறகு சண்டை மறுபடி மூண்ட வருடம் அது. விடுமுறைக்கு வந்த சின்னக்கா, முதலில் பிள்ளையைப் பார்ப்பது, பிறகு மாங்கேணி மாமி வீடு என்று ஒழுங்கு போட்டு, வரும் நாளையும் சொல்லியனுப்பி, நிவாரணத் துணியில் சட்டையும் தைத்திருந்தாள்.

நாங்கள் போன காலை, சோதனைச் சாவடியில் பாதை ஓடாது என்றுவிட்டார்கள். அக்கரையில் காத்திருந்த பெரியக்கா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.

“ஆரப் போலடி இருக்கு?”

“உங்களப் போலதான், சின்னக்கா.”

“போடி கள்ளி, எனக்கே முகம் தெரியல்ல.”

சிரித்துக்கொண்டே அவள் சட்டையை எடுத்து, இரு கைகளாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள். வாவிக் காற்று உள்ளே புகுந்து, பிள்ளை போட்டிருப்பதுபோல் அது உப்பி நின்றது.