மூன்று உபயப் பெட்டிகள்

எங்கள் தீவில் யாரும் எதையும் பெயர் போடாமல் கொடுப்பதில்லை. கோயில் ரியூப் லைட்டில் குடும்பத்தின் பெயர் முழுவதையும் எழுதிவிடுவார்கள். எழுத்து மறைத்ததுபோக மிச்ச வெளிச்சம்தான் சாமிக்கு. வேலணையில் பஸ்ஸால் இறங்கி நான் வேலை செய்கிற கணினி நிலையத்துக்கு நடந்தால், தரிப்பிடம், தண்ணீர்த் தாங்கி, குந்துகிற சீமெந்து வாங்கு என்று வழி முழுக்க யாரோ ஒருவரின் தாயோ தகப்பனோ ஞாபகார்த்தமாக நிற்பார்கள். பஸ் பிந்துகிற நாட்களில், இன்றைக்கு யாருடைய மடியில் இருக்கிறேன் என்று வாங்கின் முதுகைத் திரும்பிப் படித்துக்கொள்வேன்.

ஆகவே ஊர்ச் சங்கத்தின் கனடாக் கிளை எங்கள் நிலையத்துக்குச் சேவர் என்கிற பெரிய கணினிப் பெட்டி ஒன்று அனுப்பியபோது, அதோடு ஒரு பித்தளைத் தகடும் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கிளைத் தலைவரின் காலஞ்சென்ற தகப்பனின் பெயர் அதில் வடிவாக வெட்டப்பட்டிருந்தது. ஆச்சரியம், நிர்வாகத்தார் அதைப் பூட்டிய இடம். சேவரின் முகத்தில், காற்றுப் போகிற ஓட்டைகளுக்கு மேலே, நாலு மூலையும் இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். பெட்டி கொதித்து நின்றுபோனது. நான் தகட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டினேன். யாரோ அதைப் படம் எடுத்து அனுப்பிவிட, அன்றே ரொறன்ரோவில் இருந்து போன் வந்தது.

“தங்கச்சி, அப்பான்ர பேரைக் கழட்டிப்போட்டீராம்?”

“அண்ணை, அது சேவரின்ர மூக்கு. பேரால பொத்தினால் எப்பிடி மூச்சு விடுறது?”

“அப்ப பேர் எங்க இருக்கும்?”

“உள்ளுக்கு,” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

உள்ளுக்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒரு சேவர் என்பது பெரிய வளவு மாதிரி. அதற்குள் மென்பொருளால் வேலி போட்டுப் பல வீடுகள் கட்டலாம். ஒவ்வொரு வீடும் தன்னை ஒரு தனிக் கணினி என்று நம்பிக்கொண்டு ஓடும். பாடப்புத்தகம் அதை மெய்நிகர் இயந்திரம் என்று சொல்லும். நாங்கள் வீஎம் என்போம். நிலையத்தின் முன்னறையில் பிள்ளைகளுக்கு முன்னால் இருப்பவை வெறும் பழைய திரைகள். அவர்கள் வேலை செய்வது முழுக்க உள்ளறைப் பெட்டிக்குள் இருக்கும் வீஎம்களில். அதில் ஒன்று, பிள்ளைகள் செய்த வேலை எல்லாவற்றையும் சேமித்து வைப்பது. அதற்குக் கனடா அண்ணையின் அப்பா பெயரை வைத்தேன். அவருக்குப் பரம சந்தோஷம்.

கனடா கொடுத்தால் பாரிஸ் சும்மா இருக்குமா? பாரிஸ் கிளையும் ஒரு சேவர் அனுப்பியது. கொழும்பில் கடை வைத்திருக்கிற எங்கள் ஊர்க்காரரும் தங்கள் பங்குக்கு ஒன்று அனுப்பினார்கள். ஒருவர் வாங்கியதையே மற்றவரும் வாங்கினால் மரியாதை போய்விடும் அல்லவா? அதனால் வேலி போடும் மென்பொருள் மூன்றிலும் மூன்று வகை. கனடாவினது காசு கட்டுகிற சாமான். பாரிஸினது சும்மா கிடைக்கிற சாமான், ஆனால் உண்மையில் நல்லது. கொழும்பினது என்னவென்று கொழும்புக்கே தெரியாது. மூன்று சன்னல், மூன்று பாஸ்வேர்ட். ஒன்றில் நிறுத்துகிற பொத்தான் இருக்கிற இடத்தில் மற்றதில் ஆரம்பிக்கிற பொத்தான். ஒருநாள் வகுப்பு நடுவில் ஒரு வகுப்பையே அணைத்துவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. கனடாக் கிளைத் தலைவரும் பாரிஸ் கிளைத் தலைவரும் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. எங்கள் ஊரான சரவணையில் தகப்பனின் காணியைப் பிரித்தபோது பூவரசம் வேலி ஒரு முழம் தள்ளி நடப்பட்டுவிட்டது என்று கதைபேச்சை விட்டவர்கள். அந்தக் காணியில் இப்போது இருவருமே இல்லை. எங்கள் வீட்டு ஆடுதான் வேலி பார்க்காமல் இரண்டு பக்கமும் மேய்கிறது. காணியோடு பெற்றோரையும் பிரித்துக்கொண்டார்கள். அப்பாவின் நினைவாகச் செய்வதெல்லாம் அண்ணன், அம்மாவின் நினைவாகச் செய்வதெல்லாம் தம்பி. ஆகவே பாரிஸ் பெட்டியில், பாடக் காணொளிகள் இருக்கிற வீஎம்முக்கு அம்மாவின் பெயர்.

அந்த அம்மாவை எனக்கு நல்லாய்த் தெரியும். எங்களுக்கு அடுத்த வளவு. மூத்த மகன் தாய் தகப்பன் இருவரையும் கனடாவுக்குக் கூப்பிட்டார். தகப்பனுக்கு விசா முதலில் வந்தது. அம்மாவின் கடதாசியில் ஏதோ பிழை என்று இழுபட்டது. “நீங்கள் முதல்ல போங்கோ, நான் பின்னால வாறன்” என்று தகப்பனை அனுப்பிவிட்டு, போகாமலே செத்துப்போனார். செத்தவீட்டை மகன்மாருக்குப் போனில் காட்டுகிற வேலை என்னுடையது. ஒரே அழைப்பில் இருவரையும் சேர்க்கிறேன் என்றேன். அவன் நிற்கிற லைனில் தான் நிற்கமாட்டேன் என்றார் ஒருவர். மற்றவரும் அதையே சொன்னார். அதனால் வலக்கையில் கனடா, இடக்கையில் பாரிஸ். சுடலைக்கு எடுக்கும்வரை இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

வலக்கைப் போனுக்குள் தகப்பன் குளிர்த்தொப்பியோடு இருந்தார். மனைவியின் முகத்தைக் காட்டியபோது திரையை விரலால் தடவினார். விரல் பட்டதில் அழைப்பு அறுந்தது. நான் திரும்ப எடுத்தேன். திரும்பவும் தடவினார். அடுத்த பனிக்காலத்தில் அவரும் போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. யாரில் என்றுதான் தெரியவில்லை.

சரி, பெட்டிகளுக்கு வருகிறேன். மூன்று சன்னலோடு மாரடிக்க ஏலாமல், மூன்றையும் ஒரே திரையில் காட்டி ஆள்கிற ஒரு கொன்சோலைத் தேடிப் பிடித்துப் பூட்டினேன். எல்லா வீஎம்மும் ஒரே பட்டியலில்; ஓடுவது பச்சை, நின்றது சாம்பல், நோய் வந்தது சிவப்பு. மூன்று சம்பந்திகளை ஒரே பந்தியில் இருத்தியது மாதிரி இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்களே தவிர, ஒருவர் பாஷை மற்றவருக்கு விளங்காது. ஆனாலும் எனக்கு ஒரு பாஸ்வேர்ட் போதும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

நிம்மதி நிலைக்கவில்லை. கிளைத் தலைவர்கள் தாங்களும் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். பார்க்க மட்டும் உரிமை கொடுத்தேன். கை வைக்க ஏலாதுதானே, பார்த்தால் என்ன குறையும் என்று நினைத்தேன். முதல் நாளே போன்.

“தங்கச்சி, எங்கட பெட்டி முறிஞ்சு வேலை செய்யுது. உவன்ர பெட்டி சும்மா குந்திக்கொண்டு இருக்கு. ஏன் எங்கட சாமானைப் போட்டு வருத்துறீர்?” இது கனடா.

வைத்த கையோடு பாரிஸ். “ஏன் எங்கட பெட்டியை ஒதுக்கி வச்சிருக்கிறீர்? சும்மா கிடைச்ச சாமான் எண்ட இளப்பமோ?”

பிள்ளைகளில் பாதியைப் பாரிஸ் பெட்டிக்கு மாற்றினேன். அடுத்த நாள் பாரிஸ் தன் பெட்டி முறிகிறது என்றார். கனடா தன் பெட்டியை ஏன் ஒதுக்கினீர் என்றார். கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருக்கு என்று இதைவிட மரியாதையாகச் சண்டை பிடிப்பார்கள்.

பிறகு வாடைக்காற்றுத் தொடங்கியது. உப்புக் காற்று எங்கள் ஊரில் கூரைத் தகரத்தையே தின்னும், சேவர் எம்மாத்திரம்? கனடாப் பெட்டி நினைத்த நேரம் நின்றது. திறந்து பார்த்தால் மின்சுற்றுப் பலகையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. உதிரிப் பாகம் ஊரில் இல்லை. உயர்தரப் பிள்ளைகளுக்குச் சோதனை நெருங்கிவிட்டது. அவர்கள் வருடம் முழுக்கச் செய்த வேலை எல்லாம் அந்தப் பெட்டியில், அப்பாவுக்குள். பிரதி எடுத்து வைத்திருந்தேன்தான். ஆனால் பிரதியும் ஓடுவதற்கு ஒரு பெட்டி வேண்டும். கொழும்புப் பெட்டி நிரம்பி வழிந்தது. இடம் இருந்தது பாரிஸ் பெட்டியில் மட்டும்.

கனடா அண்ணைக்குச் சொன்னேன்.

“எங்கயும் விடும்,” என்றார். “அவன்ர பெட்டியில மட்டும் அப்பாவை விடாதேயும்.”

“அப்ப பேரை மாத்திப்போட்டு ஏத்தட்டோ?”

“அப்பான்ர பேரை எடுக்கப்போறீரோ? நான் புதுப் பெட்டி ஒண்டு கப்பலில போடுறன்.”

எனக்கு விசர் வந்துவிட்டது. “அண்ணை, உங்கட கப்பல் வருமட்டும் சோதனை பாத்துக்கொண்டு நிக்காது. இஞ்ச பிள்ளையள் செய்த வேலையைத் திறக்கேலாமல் முழிச்சுக்கொண்டு இருக்குதுகள். நாளைக்குக் காலமை மாத்திறன். விருப்பமெண்டால் இருந்து பாருங்கோ.” பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டேன். பாரிஸுக்கும் நேரத்தை எழுதி அனுப்பினேன். கனடா அண்ணை நினைத்தால் எனக்கு அடுத்த மாதம் அந்த வேலை இல்லை.

காலையில் கொன்சோலைத் திறந்தேன். மேல் மூலையில், இப்போது யார் யார் பார்க்கிறார்கள் என்று காட்டும். இரண்டு பேர், கனடாவும் பாரிஸும். ரொறன்ரோவில் அது படுக்கிற நேரம்.

ஒரே வகை வேலியென்றால் வீட்டை ஓடவிட்டபடியே அடுத்த வளவுக்குத் தூக்கலாம். இது வேறு வேறு வகை. வீஎம்மை நிறுத்தி, அதன் டிஸ்க்கை மற்ற வகைக்கு மாற்றி, புது இடத்தில் திரும்ப எழுப்ப வேண்டும். நிறுத்தினேன். பட்டியலில் அப்பா சாம்பலானார். டிஸ்க் மாறுகிற கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. நான் சாப்பிடவும் எழும்பவில்லை. கடைசியில் பாரிஸ் பெட்டியில் எழுப்பினேன். எழும்பவில்லை. கறுப்புத் திரையில் டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரு வரி. திரும்ப எழுப்பினேன். அதே வரி.

முன்னறையில் பிள்ளைகள் கதிரையில் இருந்தபடி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல் மூலையில் இரண்டு பேரும் அசையவில்லை. எந்தப் போனும் அடிக்கவில்லை, அதுதான் பயம். பிறகு புத்தி வந்தது. டிஸ்க்கைப் புது வளவு பூட்டிக்கொள்கிற விதம் அப்பாவுக்கு விளங்கவில்லை. பழைய விதத்துக்கு மாற்றிவிட்டு எழுப்பினேன். இருமி இருமி எழும்பியது. பச்சை. பிள்ளைகள் தங்கள் வேலையைத் திறந்தார்கள். ஒருத்தி ஓவென்று கத்தினாள், நானும் கத்தினேன்.

அப்போதுதான் பட்டியலைச் சரியாகப் பார்த்தேன். பாரிஸ் பெட்டிக்குக் கீழே அம்மாவின் பெயர், அதற்கு அடுத்த வரியில் அப்பாவின் பெயர். போன் அடித்தது. பாரிஸ்.

“தங்கச்சி,” என்றார். “அப்பா என்னட்ட ஒருநாளும் வந்து நிண்டதில்லை, தெரியுமே. எனக்கு விசா இல்லை, அவருக்கு உடம்பு ஏலாது.”

“பெட்டியில ராம் மெமரி கொஞ்சம் காணாது அண்ணை, ரெண்டு பேருக்கும் பாதி பாதியாக் குடுத்திருக்கிறன்,” என்றேன். அவர் அழத் தொடங்கினார்.

அவர் வைத்ததும் கனடா. வேலை போய்விட்டது என்றுதான் எடுத்தேன்.

“ரெண்டு பேரும் பச்சையா நிக்கினமே?”

“ஓம் அண்ணை.”

“அப்பாவை ஏன் அம்மாவுக்குக் கீழ போட்டனீர்?”

“அது அகரவரிசை அண்ணை.”

“ம். அம்மா சொன்னால் அவர் கேக்கிறவர்தான்.” பிறகு, “அவன் என்ன சொன்னவன்?” என்றார்.

“நான் சேவர் பாக்கிறதுக்குத்தான் சம்பளம் வாங்கிறன், தூது போறதுக்கு இல்லை. நீங்களே எடுத்துக் கேளுங்கோ.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னேரம் ஒரு பாஸ்வேர்ட் விஷயமாக இருவருக்கும் அடித்துப் பார்த்தேன். கனடா வேறு அழைப்பில். பாரிஸ் வேறு அழைப்பில். திரும்பத் திரும்ப அடித்தேன், வேலைக்காக இல்லை.

உதிரிப் பாகம் வந்து சேர்ந்தபோது சோதனை முடிந்திருந்தது. அப்பாவைக் கனடாப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பப்போகிறேன் என்று சங்கக் குழுவில் எழுதினேன். அண்ணனும் தம்பியும் கலந்து பேசி முடிவு சொன்னார்கள்: ஆறு மாதம் தம்பியின் பெட்டியில், ஆறு மாதம் அண்ணனின் பெட்டியில். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஒரு வீஎம்மை மாற்றுவதற்கே சீவன் போகிறது. இரண்டையும் வருடத்துக்கு இரண்டு முறை காவிக்கொண்டு திரிய நான் என்ன இடப்பெயர்வு லொறியா? அம்மா பாரிஸிலேயே இருக்கட்டும், அப்பாவை மட்டும் மாற்றுகிறேன் என்று எழுதினேன்.

“ரெண்டு பேரையும் பிரிக்கக்கூடாது தங்கச்சி,” என்று பதில் வந்தது. முதலில் ஒருவரிடம் இருந்து. பின்னாலேயே மற்றவரிடம் இருந்து.

இன்றோடு தம்பியின் ஆறு மாதம் முடிகிறது; நாளைக்குக் காலையில் இருவரையும் கனடாப் பெட்டிக்கு மாற்றுகிறேன். ராகுகாலம் தவிர்த்து நேரமும் குறித்துத் தந்திருக்கிறார்கள், ஏதோ சேவருக்குச் சாதகம் இருக்கிற மாதிரி. கொன்சோலில் பார்த்தால் காணாதாம். நான் மாற்றுவதையும் போனில் காட்ட வேண்டுமாம். யாருக்கு எந்தக் கையில் பிடிக்கிறது என்று கேட்டேன். ஒரே லைனில் நிற்கிறோம் என்றார்கள். போனை ஒரு தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைக்கப்போகிறேன். இந்த முறை எனக்கு ஒரு போன் போதும்.